இருதயத் தசை நோய்கள்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இன்னிசையும் நாடகமும் எதிர்பார்த்துக் குழந்தை குட்டிகளோடு வந்திருப்பீர்கள். இவற்றிற்கு நடுவே நோயைப் பற்றிப் பேசும்படி நம்மை நிறுத்தியிருக்கிறார் செயலாளர். உணவுக்கு இடையே கஷாயம் கொடுப்பது போன்ற செயல் இது. ஆயினும் இந்தத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இதில் அடங்கியிருப்பதால், அரை மணி நேரம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

நம்மவரிடையே நெஞ்சு சம்பந்தமான எந்த நோய்க்கும் ஒரே பெயர்தான் உண்டு: ‘அட்டாக்’. நாற்பது வயதுக்காரர் சாலைக் கடைத்தெருவில் மயங்கி விழுந்தாலும் அட்டாக். பிள்ளை பெற்ற பெண் மூச்சுத் திணறினாலும் அட்டாக். உண்மையில் ‘அட்டாக்’ எனப்படுவது இருதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது. வாய்க்கால் தூர்ந்து நீரின்றிப் பயிர் கருகுவதற்கு அதனை ஒப்பிடலாம். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு. வாய்க்காலில் நீர் குறைவின்றி ஓடுகிறது. நோய் பயிரிலேயே இருக்கிறது. இருதயத்தின் தசையே கெட்டுப்போகும் நிலை அது. இதனைக் ‘கார்டியோமயோபதி’ என்று மருத்துவர் வழங்குவர். லண்டன் மருத்துவர் வாலஸ் பிரிக்டன் 1957ல் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே இப்பெயர் பரவலாயிற்று. அதற்கு முன்னும் மக்கள் இந்நோயால் மடிந்துகொண்டுதான் இருந்தார்கள்; பெயர்தான் இல்லை.

வளர்ந்த மனிதனின் இருதயம் ஏறத்தாழ 300 கிராம் எடை. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை சுருங்கி விரிகிறது. நம் கைகால்களின் தசை களைத்தால் உட்காரலாம், படுக்கலாம். இத்தசைக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே இதில் நேரும் கேடும் ஒரு வகைப்பட்டதன்று. தசை மெலிந்து அறை பெருப்பது ஒன்று. தசை அளவுக்கு மீறித் தடிப்பது மற்றொன்று. விரிந்து கொடுக்காமல் விறைத்துப் போவது மூன்றாவது. வேறு சில சிறு வகைகளும் உண்டு. அவற்றைப் போகிற போக்கில் சொல்வோம்.

முதல் வகையில் இருதயம் நீண்டநாள் உழைத்த தோற்பை போலத் தொய்ந்து பெருத்துவிடுகிறது. சுருங்கும் வலிமை குன்றுவதால் கால் வீங்கும். மாடிப்படி ஏறினால் இளைக்கும். இரவில் தலையணையை இரண்டாக, மூன்றாக உயர்த்திக்கொண்டாலன்றி உறக்கம் வராது. இதற்குக் காரணங்கள் பல. சளிக்காய்ச்சல் போல வந்து போகும் சில வைரஸ் கிருமிகள் தசையிலே புண் உண்டாக்கிச் செல்வதுண்டு. புற்றுநோய்க்குத் தரும் சில மருந்துகள், தைராய்டுச் சுரப்பியின் கோளாறு, பி-1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி, பரம்பரை ஆகியனவும் காரணமாகும். மது மற்றொரு காரணம். பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் கல்லீரலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே மது நெஞ்சின் தசையையும் கரைக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. நேரத்தோடு குடியை நிறுத்தினால் இவ்விருதயம் ஓரளவு மீள்வதும் உண்டு.

காரணம் எவ்வளவு எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் சொல்வோம். 1965, 1966ஆம் ஆண்டுகளில் கனடாவின் கியூபெக் நகரில் பீர் அருந்துவோர் பலர் திடீரென்று இருதயம் பெருத்து மருத்துவமனைக்கு வந்தனர். 48 பேரில் 20 பேர் இறந்தனர். ஆராய்ந்தபோது, பீரின் நுரை நெடுநேரம் நிற்க வேண்டும் என்பதற்காக அதில் கோபால்ட் என்ற உலோகத்தின் உப்பைச் சேர்த்திருந்தது வெளியாயிற்று. நுரைக்காக இருபது உயிர்! மற்றொன்று சீன நாட்டில். அங்கே கேஷான் என்ற வட்டாரத்தில் 1935 முதல் கவனிக்கப்பட்ட இருதயத் தசை நோய், குழந்தைகளையும் இளந்தாய்மார்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்நிலத்தின் மண்ணில் செலினியம் என்னும் தாது மிகக் குறைவு. அம்மண்ணில் விளைந்த தானியத்திலும் குறைவு. 1970களில் அத்தாதுவை மாத்திரையாகக் கொடுக்கத் தொடங்கியபின் நோய் அடங்கியது. மண்ணில் உள்ள குறை மனிதன் மார்புக்குள் வந்து நோயாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதைக்கு இது வேண்டும்.

தாய்மார்கள் குறிப்பாகக் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. பேறுகாலத்தின் கடைசி மாதத்திலோ, பிள்ளை பிறந்து ஐந்து மாதத்திற்குள்ளோ, அதுவரை நலமாயிருந்த பெண்ணின் இருதயம் தளர்ந்துவிடும் வகை ஒன்று இருக்கிறது. கால் வீக்கமும் இளைப்பும் கண்டால், “பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும்” என்று மாமியாரும் தாயாரும் ஒருவாய்ப்படச் சொல்லிப் பத்தியக் குழம்பு வைத்துக் கொடுத்து அமர்ந்துவிடுகிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவள் சொன்னால் அது பத்தியத்தால் தீரும் காரியமன்று. அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

இனி விறைத்துப் போகும் வகைக்கு வருவோம். உலகில் மிகவும் அரிதான இவ்வகையே ஒரு காலத்தில் இந்நகரத்து மருத்துவமனைகளில் மலிந்திருந்தது. ‘எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ்’ என்பது அதன் பெயர். நீண்ட பெயர், பொருள் எளியது. இருதய அறையின் உட்சுவரில் வெண்மையான தழும்புத் திசு படர்ந்து தடித்து, அறையின் அடிமுனையை அடைத்துவிடுகிறது. சுண்ணாம்பு பிடித்த பானையில் நீர் கொள்ளாதது போல அவ்வறையில் இரத்தம் கொள்ளாது. அருகேயுள்ள வால்வும் அத்தழும்பில் சிக்கி ஒழுகத் தொடங்கும். தங்க இடமின்றி இரத்தம் பின்னுக்குத் தேங்கும். வயிறு குடம்போல் வீங்கும்; முகம் உப்பும்; கால்களோ குச்சியாக இருக்கும். நம் பழைய வைத்தியர்கள் மகோதரம் என்று சொல்லும் தோற்றந்தான். கல்லீரல் நோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகளும் இருந்தனர். இந்நோய்க்கு இரையானவர் பெரும்பாலும் சிறுவரும் இளைஞரும், அவருள்ளும் ஏழைகள்.

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் கம்பாலா நகரில் பணியாற்றிய டேவிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1948ல் இந்நோயைத் தெளிவாக விவரித்தார். நைஜீரியா, மொசாம்பிக், பிரேசில் என்று நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப நாடுகளில் அது தென்பட்டது. அவற்றோடு வரிசையில் நிற்கும் மற்றோர் இடம் நம் கேரளம். பெருமைப்படத்தக்க வரிசையன்று.

இங்கே இந்நோயை எதிர்த்து நின்றவர்களைப் பற்றிச் சொல்லாமல் போவது நன்றியன்று. 1951ல் தோன்றிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் முதல் மாணவர் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் மாவேலிக்கரையில் பிறந்த எம். எஸ். வலியத்தான். மேல்நாடுகளில் இருதய அறுவை மருத்துவம் பயின்று திரும்பிய அவரிடம், திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் 1973ல் மக்களுக்கென அளித்த கட்டடத்தில் ஒரு மருத்துவமனையை உருவாக்கும் பொறுப்பு வந்தது. 1976ல் நோயாளிகளுக்குத் திறக்கப்பட்டு, 1980ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற அதுவே ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம். பாரிஸ் நகரத்து டூபோ என்பவர் 1970களின் தொடக்கத்தில் வகுத்த முறைப்படி, தடித்த உட்சுவரைச் சீவியெடுத்து, கெட்ட வால்வை மாற்றி வைக்கும் அறுவையை வலியத்தான் இங்கே செய்தார். பிழைத்தவரும் உண்டு, மேசையிலேயே முடிந்தவரும் உண்டு. வால்வோ வெளிநாட்டுச் சரக்கு. ஏழையின் ஆண்டு வருமானத்தை விஞ்சிய விலை. அதனாலேயே இந்நிறுவனத்தார் தாமே ஒரு வால்வு செய்ய முனைந்து, பலமுறை தோற்று, 1990 டிசம்பரில் முதன்முறையாக அதை ஒருவருக்குப் பொருத்தினர். நம் சென்னையைச் சேர்ந்த டி. டி. கே. நிறுவனத்தின் பெயரோடு ‘சித்ரா வால்வு’ என்று வழங்கும் அது, இன்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் மார்பில் துடித்துக்கொண்டிருக்கிறது.

நோய்க்குக் காரணம் என்ன என்பதே பெரும் புதிராக நின்றது. இரத்தத்தில் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகினால் இருதயத்தின் உட்சுவர் கெடும் என்று சூரிச் நகரத்து லோஃப்லர் 1936லேயே எழுதியிருந்தார். குடற்புழுவும் யானைக்கால் கிருமியும் அவ்வணுக்களைப் பெருக்குபவை. இரண்டும் இக்கடற்கரைக்குப் புதியனவல்ல. ஆகவே சிலர் புழுவைச் சாடினர். உகாண்டாவில் சிலர் வாழைக்காயைச் சந்தேகித்தனர். வேறு சிலர் மரச்சீனியைச் சந்தேகித்தனர்.

மரச்சீனியின் பெயர் வந்ததும் சபையில் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கிறோம்! 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஆதரித்துப் பரப்பிய கிழங்கு அது. 1942ல் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரின் ஏழை மக்களைப் பட்டினியிலிருந்து காத்ததும் அதுவே. ஆனால் மீனும் பயறும் இன்றிக் கிழங்கை மட்டுமே உண்டு வளரும் குழந்தையின் உடலில் புரதம் குறையும். பிழை கிழங்கினுடையதன்று; கிழங்குக்குத் துணை வாங்க வழியில்லாத வறுமையினுடையது என்பது நம் கருத்து.

வலியத்தானும் அவருடன் பணியாற்றிய கர்த்தாவும் பிற நண்பர்களும் 1980களில் மற்றொரு வழியில் சென்றனர். இங்கே ஒரு சிறு பழங்கதை. 1909ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர், இந்தியாவிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். அம்மணல் எங்கிருந்து போயிற்று என்று தேடிவந்தபோது அகப்பட்ட ஊர், அன்று திருவிதாங்கூரிலும் 1956 முதல் தமிழ்நாட்டிலும் இருக்கும் மணவாளக்குறிச்சி. கொல்லத்தை அடுத்த சவறாக் கடற்கரையிலும் இம்மணல் மிகுதி. தோரியமும் சீரியமும் இதில் அடங்கியவை. இந்நோயால் இறந்தவர்களின் இருதயத் திசுவை ஆராய்ந்தபோது, அதிலே சீரியமும் தோரியமும் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருக்கக் கண்டனர். கிழங்குகள் மண்ணிலிருந்து சீரியத்தை ஏற்கின்றன. உண்பவனுக்கு ஊட்டக் குறைவால் மக்னீசியமும் போதாது. இவ்விரண்டும் கூடினால் தழும்பு விளையும் என்பது அவர்கள் கருதுகோள். சோதனைச் சாலையில் எலிகளிடம் இதற்குச் சான்றுகளும் கிடைத்தன. கேஷான் மண்ணில் குறை. இங்கே மண்ணில் மிகை.

கேட்பதற்கு மிக அழகான விளக்கம். ஆயினும் அழகானது எல்லாம் முடிவானதன்று. ஏனெனில், மண் அப்படியே இருக்கிறது; மணலும் அப்படியே இருக்கிறது; மரச்சீனியும் மீன்கறியும் இன்றும் சாப்பாட்டுக் கடைகளில் விரும்பி உண்ணப்படுகின்றன. நோய் மட்டும் போய்விட்டது! 1990களுக்குப் பின் புதிதாக இந்நோயுடன் வரும் குழந்தைகள் இங்கே மிக அரிது. முன்பு நோயுற்றுத் தப்பி மூத்தவர்களையே இப்போது காண்கிறார்கள். எந்த மருந்தும் இதைத் துரத்தவில்லை. நியாய விலைக் கடை அரிசி, நிலச் சீர்திருத்தம், வளைகுடா நாடுகளிலிருந்து வந்த பணம், கழிப்பறை, தூய நீர், பள்ளிக்குச் சென்ற தாய் — இவற்றில் எது துரத்தியது என்று பிரித்துச் சொல்வார் இல்லை. சீரியமோ புழுவோ எதுவாயினும், அது வறுமையின் தோளில் ஏறித்தான் வந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. மொசாம்பிக் நாட்டின் ஒரு கடலோர வட்டாரத்தில் 1063 பேரைச் சோதித்து 2008ல் வெளியிட்ட கணக்கில் 211 பேரிடம் இந்நோயின் அடையாளம் இருந்தது. நமக்குப் பழங்கதையாகிவிட்டது அவர்களுக்கு அன்றாடச் செய்தி. வலியத்தான் 2024 ஜூலையில் மறைந்தார். தாம் போரிட்ட நோய் மறைவதை அவர் கண்டார். அதன் காரணம் ஐயமறத் தெளிவானதைக் காணவில்லை.

தசை தடிக்கும் வகை இதற்கு மாறானது. அது ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை, இரத்தத்தோடு வருகிறது. உலகில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவரிடம் இது காணப்படுகிறது. அறைகளுக்கு இடையிலுள்ள சுவர் 15 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடித்து, இரத்தம் வெளியேறும் வாயிலை மறிக்கும். பலருக்கு ஆயுள் முழுதும் தொல்லையே இராது. சிலருக்கோ முதல் அறிகுறியே மரணம். ஓட்டப் பந்தயத்தில் முதலில் வரும் பையன் மைதானத்திலேயே வீழ்வதை நாளிதழில் படிக்கிறோம்; அவற்றுள் சில இவ்வகையின. லண்டனில் டீர் என்பவர் 1958ல் இப்படித் திடீரென இறந்த இளைஞர்களின் இருதயங்களை ஆராய்ந்தே இதனை வெளிப்படுத்தினார். மரபணுவின் குற்றமே இதற்கு மூலம் என்பது 1990ல் துலங்கிற்று.

இவ்விடத்தில் நம் இனத்தாரைத் தொட்டுப் பேச வேண்டியிருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி என்ற தமிழரும் பன்னாட்டு அறிஞர் பலரும் 2009ல் ஒரு செய்தியை வெளியிட்டனர். இருதயத் தசையின் புரதம் ஒன்றைக் கட்டும் மரபணுவில் 25 எழுத்துக்கள் விடுபட்டுப்போன ஒரு பிழை, தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் இருக்கிறதாம். அதை உடையார் நடுவயதுக்கு மேல் இருதயம் தளரும் அபாயம் மிகுதி. பின்வந்த ஆய்வுகள், அப்பிழை எல்லோரையும் ஒரே கடுமையோடு தாக்குவதில்லை என்றும் காட்டியுள்ளன. ஆகவே அஞ்சி நடுங்க வேண்டா. ஆனால் தந்தை வழியிலும் தாய் வழியிலுமாக இரண்டு பிழையும் ஒரு குழந்தைக்குச் சேர்ந்தால் துன்பம் கடுமையாகும். அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணப்பதை உரிமை என்று போற்றும் நமக்கு, இதன் பொருள் விளங்கும். சொத்து வெளியே போகாது என்று மகிழ்கிறோம். நோயும் வெளியே போவதில்லை.

இன்னொன்று, இதனினும் கொடிது: மறைப்பது. “அவர்கள் வீட்டில் இருபத்தைந்து வயதில் ஒருவன் தூக்கத்தில் போய்விட்டான்” என்பது பெண் கேட்டு வருவோர் காதில் விழக் கூடாது என்று, காரணத்தை மாற்றிச் சொல்கிறார்கள். கரமனையிலும் வலியசாலையிலும் மட்டுமன்று; நம் மக்கள் குடியேறிய எல்லாக் காலனியிலும் இவ்வழக்கம் உண்டு. மாற்றிச் சொன்ன காரணமே ஐந்தாறு ஆண்டில் உண்மையாகி, இறந்தவனின் தம்பியே அதை நம்பிப் பந்து விளையாடப் போகிறான். வீட்டில் ஒருவருக்குத் தடிப்பு வகை என்று தெரிந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் ஆகிய அனைவரும் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவ விதி. எக்கோ என்பது ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது. ஊசி இல்லை, வலி இல்லை, அரை மணியில் முடியும். ஓடும்போது மயங்கி விழுந்த பிள்ளையை, வெயில் என்றோ காலை உணவு உண்ணாமை என்றோ சமாதானம் சொல்லாமல் ஒருமுறை இச்சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எஞ்சிய வகைகளில், வலப்பக்கத் தசை கரைந்து கொழுப்பாக மாறுவது ஒன்று. தாங்கொணாத் துயரத்தால் இருதயம் சில நாள் ஒருபுறம் ஊதித் தளர்வது மற்றொன்று. 1990ல் ஜப்பானியர் இதனைக் கண்டு, தம் நாட்டில் மீனவர் எண்காலி பிடிக்கும் பானையின் வடிவில் இருந்ததால் ‘டகோட்சுபோ’ எனப் பெயரிட்டனர். நெஞ்சு உடைந்தது என்று நம் பாட்டிமார் சொல்வது முழுப் பொய்யன்று போலும்.

வகை எதுவாயினும் முடிவில் வந்து சேரும் இடம் இருதயச் செயலிழப்பு. 2013ல் இந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் அந்நிலையோடு சேர்க்கப்பட்ட 1205 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஹரிகிருஷ்ணன் முதலிய சித்திரைத் திருநாள் நிறுவன மருத்துவர்கள் ஒரு பதிவேடு வெளியிட்டனர். நூற்றுக்கு 72 பேருக்குக் காரணம் குழாய் அடைப்பு. மற்றவர்க்கே தசை நோயும் வால்வு நோயும் பிறவும். சராசரி வயது 61. ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இறந்தனர். இதனினும் நம்மை வருத்தியது மற்றோர் எண்: தசை சுருங்கும் வலிமை குன்றியவர்களில், விதிப்படியான மருந்துகள் அனைத்தும் பெற்று வீடு திரும்பியவர் நான்கில் ஒருவரே. மருந்து இல்லாத நோயன்று இது. மருந்து இருந்தும் கிடைக்கப் பெறாதவர் மூவர். ஆகவே வீடு திரும்பும்போது மருந்துச் சீட்டைக் காட்டி, “இருதயத்திற்கான மாத்திரைகள் எல்லாம் இதில் இருக்கின்றனவா?” என்று மருத்துவரைக் கேட்பதில் கூச்சம் வேண்டா. வீக்கம் குறைந்ததும் தாமே நிறுத்திவிடுவோர் நம்மில் அதிகம், அதுவும் கூடாது. உப்பைக் குறைக்கச் சொன்னால் குழம்பில் குறைத்துவிட்டு அப்பளத்திலும் ஊறுகாயிலும் ஓணத்து உப்பேரியிலும் ஈடுசெய்து கொள்வாரையும் நாம் அறிவோம்.

மருந்துக்கும் கருவிக்கும் கட்டுப்படாத இருதயத்திற்கு மாற்று இருதயமே வழி. கேரளத்தில் முதன்முதல் 2003ல் எர்ணாகுளத்தில் டாக்டர் ஜோஸ் சாக்கோ பெரியபுரம் அவ்வறுவையைச் செய்தார். நம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் முதல் மாற்றம் 2024 ஜூலையில் நடந்தது. பெற்றவள் இருதயம் தொய்ந்து பெருத்த நோயுடைய ஒரு சிறுமி. மூளை செயலிழந்த ஆசிரியை ஒருவரின் வீட்டார், துயரின் நடுவே கையொப்பமிட்டுக் கொடுத்த இருதயம் அது. இந்நகரத்தின் மற்றொரு மருத்துவமனையிலிருந்து தெருக்களை ஒழித்து வழிவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டது. அரசின் உறுப்புக்கொடை அமைப்பில் நம் விருப்பத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கான விவரம் வேண்டுவோர்க்கும், எக்கோ எடுக்கச் செல்ல வழி கேட்போர்க்கும், நாடகம் முடிந்தபின் வாயிலருகே நாம் காத்திருப்போம். திரை தூக்க நேரமாகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.